தூணைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி

குழி தோண்டின அன்றைக்கே தண்ணீர் வந்துவிட்டது. இடுப்பளவு கூட ஆகவில்லை. கறுப்புச் சேறு, அதில் பொடிப்பொடியாய்ச் சிப்பி, சாக்கடையும் கடலும் கலந்த மாதிரி ஒரு வாடை. மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற அந்தத் துண்டு நிலம் ஒரு காலத்தில் டிராம்பே பக்கத்து உப்பங்கழியோடு சேர்ந்த சதுப்பு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதில் மண்ணடித்து மேடாக்கி வரிசை வீடு கட்டினார்கள். நாங்கள் குடிவந்தோம். பிள்ளை வளர்ந்து, கல்யாணமாகி, உல்லாஸ்நகர் போய்விட்டான். அடியில் தண்ணீர் மட்டும் எங்கேயும் போகாமல் இருந்திருக்கிறது.

கொத்தனார் குழிக்குள் நின்றுகொண்டே அண்ணாந்து பார்த்தார். "அண்ணாச்சி, இதுலயா தூணு நிப்பாட்டணுங்கிய? எருமை கட்டலாம். சுகமா படுத்துக்கிடும்."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அதனாலேயே எனக்கு அந்தக் கொத்தனாரைப் பிடித்துப்போயிற்று. தாராவிக்காரர், எங்கள் திருநெல்வேலிப் பக்கம். என்னை ஆச்சி என்று கூப்பிடுவார். நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றபடியே டீயை நீட்டுவேன். வேற்று ஆள் முன்னால் எனக்குப் பேச்சு வராது, இந்த வயதிலும். எழுதும்போது அந்தச் சங்கடம் இல்லை. ஐந்தாம் வகுப்புத் தமிழ் இதற்குப் போதுமாக இருக்கிறது.

தூண் எதற்கென்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் டிராம்பேயில் ஒரு ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். ரிட்டயர் ஆனதும் வானம் பார்க்கிற கூட்டம் ஒன்றோடு சேர்ந்துகொண்டார். இரண்டு வட்டக் கண்ணாடிகளை வாங்கிவந்து, என் அடுப்படி மேடையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இடையில் பொடி போட்டு மாதக்கணக்கில் தேய்த்தார். நான் தோசைக்கல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பேன். கடைசியில் ஒன்று குழிந்து ஆடியாகி, குழாயில் ஏறி, என் உயரத்துக்கு ஒரு தொலைநோக்கி ஆயிற்று. சாயங்காலமானால் அதைத் தூக்கிப் பின்பக்கம் வைப்பதும் திரும்ப உள்ளே கொண்டுவருவதுமாக அவர் இடுப்பு போயிற்று. வைத்தாலும் ஆடும். அதனால் அதற்கென்று நிரந்தரமாக ஒரு தூண், தூணைச் சுற்றி வட்டமாக ஒரு அறை, அறைக்கு மேலே சுற்றித் திருப்புகிற டோம். டோமை ஃபைபரில் செய்துதரத் தாராவியில் ஒரு பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார்.

இந்த ஊர் வானத்தில் என்ன தெரியும் என்று கேட்காத ஆளில்லை. ரிஃபைனரி நெருப்பில் ஒரு பக்கம் சிவந்தே கிடக்கும். ஆனால் நிலா தெரியும், வியாழன் தெரியும், சனி அதன் வளையத்தோடு தெரியும். நானே பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாலக்காட்டு மாமி மதில் மேலாக எட்டிப் பார்த்து, "கேட்டேளா, கட்டறது கோவிலா தர்காவா? முன்னாடியே சொல்லிடுங்கோ. நாளைக்கு யாராவது வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?" என்றாள்.

"தண்ணி டாங்கின்னு சொல்லுங்க மாமி. எவனும் கிட்ட வரமாட்டான்," என்றார் அவர்.

இதையெல்லாம் இப்போது வேடிக்கையாக எழுதிவிடுகிறேன். அப்போது எனக்குக் கவலை வேறாக இருந்தது.

அவருக்கு மறக்க ஆரம்பித்திருந்தது. கண்ணாடியை எங்கே வைத்தேன், சாவி எங்கே என்பதெல்லாம் எல்லாருக்கும் உண்டு. இது அந்த மாதிரி இல்லை. வேலைக்குப் போன காலமெல்லாம் ஏறி இறங்கின ஹார்பர் லைன் ரயிலில் வந்தவர், செம்பூரில் இறங்காமல் வடாலாவிலேயே இறங்கி பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வண்டி வந்தது, போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. யாரோ ஒரு புண்ணியவான் அவர் போனை வாங்கி எங்கள் மகனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

மகன் அன்றே வந்தான். "ம்மா, இன்னைக்கு வடாலா. நாளைக்கு கேஸைத் திறந்துவிட்டுட்டு மறந்துட்டா என்ன பண்ணுவ? ரெண்டு பேரும் எங்கூட வந்துருங்க. இந்த வீட்டை வாடகைக்கு விட்டுருவோம். அவ்வளவுதான், முடிஞ்சுது."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவனைப் பார்த்தார். "ஏல, நான் ஒண்ணு சொல்லுதேன். இந்த டோமைக் கட்டி முடிக்கேன். அஸ்திவாரத்துல இருந்து கூரை வரை ஒரு தப்பு இல்லாம முடிச்சேன்னா என் மண்டை சரியா இருக்குன்னு வச்சுக்கோ. எங்கயாவது தப்புச்சுன்னா நீ கூப்பிட்ட இடத்துக்கு வாரேன்."

"பேச்சு மாறக் கூடாதுப்பா."

"ஃபிட்டர் பேச்சு மாறமாட்டான்ல."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. உல்லாஸ்நகர் போவதில் எனக்குக் கஷ்டம் ஒன்றுமில்லை. லிஃப்ட் இருக்கிறது, மருமகள் நல்ல பிள்ளை. ஆனால் அவர் அங்கே போய் டி.வி. முன்னால் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் அதற்குப் பிறகு எழுந்திருக்கமாட்டார் என்று எனக்குப் பட்டது. சனியையும் வியாழனையும் பார்க்கிற ஆசைதான் அவரைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது. அதனால் அந்தக் குழியில் இறங்கின ஒவ்வொரு கல்லையும் நான் திரைக்குப் பின்னால் நின்று கவனித்தேன்.

தண்ணீரை வாளி வாளியாக இறைத்தார்கள். சேற்றுக்குள் கருங்கல்லை இறக்கிக் குத்தினார்கள். கல் உள்ளே போகப் போக இன்னும் கல். "மும்பை முழுக்க இப்படித்தான் நிக்குது அண்ணாச்சி, கல்லுக்கு மேல கல்லு," என்றார் கொத்தனார். கல் அசையாமல் ஆன பிறகு அதற்கு மேல் கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற என் வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மூங்கிலால் குத்திக் காற்றை வெளியேற்றச் சொன்னார். தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்தார். இறுகின பிறகு ஈரச்சாக்குப் போட்டுத் தண்ணீர் விடுகிற வேலை எனக்கு. பச்சைப் பிள்ளைக்கு நெற்றியில் துணி நனைத்துப் போடுகிற மாதிரி காலையும் மாலையும் போட்டேன். அத்தனையிலும் அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. சாயங்காலம் மகன் போனில் கேட்பான், "அப்பா எப்படி?" "நல்லாத்தான் இருக்காக," என்பேன். பொய் இல்லை.

தரை போடும்போதுதான் அவருக்கும் கொத்தனாருக்கும் வாக்குவாதம் வந்தது. தூணையும் தரையையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்றார் கொத்தனார். "ஒண்ணுக்கொண்ணு பலம்லா?"

"பலமே வேண்டாம்வே. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே கூடாது," என்றார் இவர். "தூணைச் சுத்தி ரெண்டு விரல் இடைவெளி விடணும். நாம நடந்தா தரை அதிரும். அது தூணுக்குத் தெரியவே கூடாது. இங்க தூணு ஒரு மயிரிழை ஆடுனா அங்க சனி குதிக்கும்."

"சனி குதிச்சா நமக்கு ஆவாதுல்லா," என்றார் கொத்தனார். பிறகு சொன்னபடியே தூணைச் சுற்றித் தெர்மாகோல் பட்டையை வைத்துத் தரையைப் போட்டு, காய்ந்ததும் பட்டையை உருவி எடுத்தார். தூண் தனி, தரை தனி. இடைவெளிக்கு மேலே சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டு மூடிக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

டோம் வருவதற்கு முன்னால் ஒரு பரீட்சை வைத்தார். தூணின் தலையில் ஒரு எவர்சில்வர் கும்பா நிறையத் தண்ணீர் வைத்து, என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, தூணைச் சுத்தி நட."

கொத்தனார் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடி மேல் அடி வைத்து நடந்தேன்.

"கோயில்லயா சுத்துத? நல்லா மிதிட்டி. எங்க அம்மைய நெனச்சுக்கோ."

மாமியாரை நினைத்துக்கொண்டு மிதித்தேன். கொத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. கண்ணாடி மாதிரி நின்றது. வெளியே ரோட்டில் டேங்கர் லாரி ஒன்று போனது, அப்போதும் அசையவில்லை. அவர் கும்பாவைப் பார்த்துக்கொண்டு நின்ற முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பரீட்சை எழுதியவர் அவர்தான் என்று எனக்குத் தெரியும்.

டோம் டெம்போவில் வந்து, கவிழ்த்த அண்டா மாதிரி மேலே உட்கார்ந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மகன் குடும்பத்தோடு வந்து சனி பார்ப்பதாக ஏற்பாடு.

அந்த வாரம் நடுவில் தாராவியில் என் தங்கை பேத்திக்கு வளைகாப்பு. அவரைக் கூப்பிட்டேன். "பொம்பளைக விசேஷத்துல எனக்கென்ன வேலை," என்று இருந்துவிட்டார். சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது அவர் விரல் நுனிகளில் மூன்று நான்கு வெட்டு. ரத்தம் காய்ந்திருந்தது. கேட்டேன்.

"கத்திரிக்காய் நறுக்கினேன்," என்றார்.

மஞ்சள் வைத்துக் கட்டினேன். கட்டிவிட்டு அடுப்படிக்குள் போனால் கூடையில் கத்திரிக்காய் போட்டது போட்டபடி இருந்தது. வளைகாப்பு வளையல் கை நிறைய இருந்தது, கழற்றி வைத்தேன்.

மறுநாள் டோமுக்குள் பெருக்கப் போனேன். தூணைச் சுற்றி இருந்த இடைவெளியைக் காணோம். சுற்றிலும் சிமெண்ட். குனிந்து பார்த்தால் அதற்குள் பச்சையும் பழுப்புமாகக் கண்ணாடிச் சில்லு மினுங்கிற்று.

இந்த வரிசை வீடுகளில் பெருச்சாளி வராத வீடு கிடையாது. சாக்கடை வழியாக வந்து தரைக்கு அடியில் குடையும். எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். காலி பாட்டிலைச் சாக்குக்குள் போட்டு உடைத்து, சில்லைச் சிமெண்டில் குழைத்துப் பொந்தில் அறைந்து அடைப்பார்கள். கண்ணாடி குத்துகிற இடத்தில் அது வாய் வைக்காது. அந்த வைத்தியத்தைத்தான் யாரோ இங்கே செய்திருந்தார்கள்.

கும்பாவில் தண்ணீர் கொண்டுபோய்த் தூண்மேல் வைத்து நானே மிதித்துப் பார்த்தேன். வட்டம் வட்டமாக அலை ஓடிற்று.

அவரிடம் சொன்னேன். வந்து பார்த்தார். முகத்தின் நிறம் மாறிவிட்டது. உடனே கொத்தனாருக்குப் போன். கொத்தனார் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"எவனைக் கேட்டு அடைச்ச?"

"அண்ணாச்சி, டோம் வச்ச நாளுக்குப் பொறவு நான் இந்தப் பக்கமே வரல."

"பொய் சொல்லாத. உனக்கு மொதல்ல இருந்தே இந்த இடைவெளி புடிக்கல. வேலை தெரியாதவன்னு நாலு பேரு சொல்லிருவான்னு கமுக்கமா வந்து பூசிட்டுப் போயிட்ட."

கொத்தனார் ஒருதரம் திரையைப் பார்த்தார். நான் இருப்பது அவருக்குத் தெரியும். "வாரேன் ஆச்சி," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வைத்த டீ ஆறி ஆடை பிடித்துக் கிடந்தது.

அன்று சாயங்காலம் துணி எடுக்கப் பின்பக்கம் போனபோது மாமி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "பெருச்சாளியை அடைச்சாச்சா?" என்று கேட்டாள். "அன்னிக்கு நீங்கோ தாராவி போயிருந்தேளே, மாமா வந்து எங்காத்துக் காலி பாட்டிலெல்லாம் வாங்கிண்டு போனார். தரைக்கடியில மண்ணைத் தள்ளிடுத்து, விட்டா அஸ்திவாரத்தையே கவுத்துடும்னார். நன்னா அடைச்சிருப்பார். எங்காத்துலயும் ஒரு பொந்து இருக்கு கேட்டேளா, அவரை ஒருநாள் வரச்சொல்லுங்கோ."

"சொல்லுதேன் மாமி," என்றேன்.

துணியை மடித்தபடி கொடிக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவருக்குப் பெருச்சாளி நினைவிருந்திருக்கிறது. அஸ்திவாரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது நினைவிருந்திருக்கிறது. பாட்டில் எங்கே கிடைக்கும், சிமெண்ட் எந்த மூட்டையில் மீதி இருக்கிறது, எல்லாம் கைக்குத் தெரிந்திருக்கிறது. இடைவெளி எதற்கு என்பது மட்டும் அந்த ஒரு மத்தியானம் அவரை விட்டுப் போயிருக்கிறது. பிறகு அந்த மத்தியானமே போய்விட்டது. கொத்தனாரைத் திட்டியபோது அவர் நடிக்கவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது. நடித்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

நான் வாயைத் திறந்தால் மகனுக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. திறக்காவிட்டால் ஒன்றும் அறியாத கொத்தனார் பழியைச் சுமந்துகொண்டு திரிவார். சனிக்கிழமை முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். "யாருக்கு மறதி?" என்றார் அவர், சாப்பிட்டுக்கொண்டே. நான் அவர் தட்டில் மோரை ஊற்றினேன்.

ஞாயிறு காலையில் அவர் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு தூணடியில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் வெட்டி எடுத்துவிட வேண்டுமாம். நான் முறத்தில் சில்லை வாரிக்கொண்டிருந்தேன். சிமெண்ட் லேசில் பெயரவில்லை.

"எவன் பண்ணினானோ, நல்லா இறுக்கிப் பண்ணியிருக்கான்," என்றார். கொஞ்ச நேரம் போய், "ஓரத்தைப் பாரு. இரும்பறுக்கிற ஹேக்ஸா பிளேடால சீவி விட்டிருக்கான். கொத்தன் எவனும் பிளேடு வச்சு ஓரம் சீவமாட்டான்," என்றார்.

நான் குனிந்தபடி வாரிக்கொண்டிருந்தேன்.

சுத்தியல் சத்தம் நின்றது. நிமிர்ந்தேன். அவர் தன் விரலில் நான் கட்டியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் மகன் வாசல் வழியாக வந்து டோமின் சின்னக் கதவில் தலையைக் குனிந்து நின்றான். மருமகளும் பிள்ளைகளும் முன்பக்கம் மாமியோடு பேசுகிற சத்தம் கேட்டது.

"ஏட்டி, நாந்தானா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார். இவ்வளவு மெதுவாக எதையும் கேட்டதில்லை.

"ஆமா," என்றேன். "நான் வளைகாப்புக்குப் போன அன்னைக்கு. பெருச்சாளி வந்துச்சுன்னு. மாமி பாத்திருக்காக."

அவர் எதையோ எட்டிப் பிடிக்கிற மாதிரிக் கண்ணைச் சுருக்கினார். கிடைக்கவில்லை. பிறகு என்னிடம், "கொத்தனுக்குப் போனைப் போடு," என்றார். போட்டுக் கொடுத்தேன். "ஏல தம்பி, நாந்தான் அடைச்சிருக்கேன். எனக்கு நெனவில்ல. மனசுல வச்சுக்கிடாத," என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, இவர் "சரி, சரி" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தார்.

அதன் பிறகுதான் மகனைப் பார்த்தார். "தப்பாப் போச்சுல. பேச்சு பேச்சுதான். வாரேன். இதைச் சரி பண்ணிட்டு வாரேன்."

மகன் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். "நீ தள்ளுப்பா," என்று உளியை வாங்கினான். அவனுக்குப் பழக்கமில்லை, சுத்தியல் கட்டைவிரலில் விழுந்தது. "உளியைச் சாச்சுப் பிடி. சாச்சு," என்று இவர் பக்கத்தில் குந்திக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட இரண்டு பேரும் எழுந்து வரவில்லை. மருமகள் தட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்தாள்.

வெயில் சாயும்போது தூணைச் சுற்றி இடைவெளி திரும்பத் தெரிந்தது. மேடும் பள்ளமுமாக, கடித்து எடுத்த மாதிரி.

"கும்பாவைக் கொண்டா," என்றார்.

கொண்டுவந்து வைத்தேன். "நட," என்றார். நடந்தேன். முதல் தடவை கூச்சத்தில் மெல்ல நடந்தேன். இந்தத் தடவை வேண்டுமென்றே மெல்ல நடந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாதம் தரையில் படுகிறதா இல்லையா என்று. தண்ணீர் அசையவில்லை. மகன் கும்பாவைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான்.

"ஏட்டி," என்றார் அவர். "நல்லா மிதி."

மிதித்தேன்.

தண்ணீரில் மேற்கு ஓரத்தில் மட்டும் லேசாகச் சுருக்கம் விழுந்தது. விழுந்து, அடங்கிற்று.

"அந்த மூலைல அடியில இன்னும் இருக்கு," என்றார் அவர். "உளிய எடு."

மகன் கும்பாவைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு உளியை எடுத்தான். "மெதுவா பண்ணுவோம்ப்பா," என்றான். "அவசரம் ஒண்ணும் இல்ல."